முப்பத்தோராவது பத்தி

சம்மன் வந்தபோது ஹார்லன் கிரைண்டிலின் இரண்டு கைகளும் முழங்கைவரை மத்திக்குள் இருந்தன.

ஜூன் மாதம், காலை ஐந்தரை. பனிமூட்டம் படகுத்துறையின் நுனிவரை வந்து நின்றுகொண்டது. கீழே ஏழு படகுகள் சிங்கிறால் கூண்டுக்கான இரைக்காக வரிசையில் காத்திருந்தன, எட்டாவது என்னுடையது. ஷெரிஃப் அலுவலக டெபுடி டுவைட், ஹார்லனுக்குச் சித்தி மகன், ஈரப் பலகைகளின் மேல் வழுக்காமல் காலை அளந்து வைத்து நடந்து வந்து ஒரு காகிதக் கட்டை நீட்டினான். ஹார்லன் கையைத் தூக்கிக் காட்டினான். உப்புநீரும் செதிலுமாகச் சொட்டியது.

"கையிலதான் குடுக்கணும் ஹார்லன். சட்டம்."

"கை இதான் கண்ணு. வேணுமா?"

டுவைட் கொஞ்சம் யோசித்தான். பிறகு ஹார்லனின் ரப்பர் கால்சட்டையின் மார்புப் பட்டைக்குள் கட்டைச் செருகிவிட்டு, குடுத்தாச்சு என்று பனிமூட்டத்திடம் சொன்னான். திரும்பிப் போகிறபோது, மன்னிச்சுக்க என்றும் முணுமுணுத்தான். டுவைட் யாரிடமும் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை.

எங்கள் மெய்ன் மாநிலக் கரையில் ஆம்பளையும் ஆம்பளையும்கூடக் கண்ணு என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். சண்டை போடும்போதும் அதுதான். அன்று காலை எட்டுப் படகுக்கும் இரை அள்ளிக் கொட்டி முடிக்கும்வரை ஹார்லன் ஒரு கண்ணுகூடச் சொல்லவில்லை. மார்பில் காகிதத்தோடு மண்வெட்டியைப் போட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் கையைக் கழுவி, குழாயை மூடி, வீட்டுப் பக்கம் நடந்தான்.

வீடு துறையை ஒட்டியே இருந்தது. அடுப்படியில் வெர்னா டோனட் பொரித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் உடம்பால் செய்கிற வேலை ஹார்லனுடையது, எழுத்தால் செய்கிற வேலை வெர்னாவுடையது. முப்பத்திரண்டு வருஷமாக அப்படித்தான். அவள் மாவுக் கையைத் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். முதல் பக்கத்திலேயே அடுப்பை அணைத்துவிட்டாள்.

வழக்குப் போட்டவர்கள் ப்ரெஸ்காட் தம்பதி. கனெக்டிகட்டிலிருந்து வந்தவர்கள். இரண்டு கோடைக்கு முன்னால் துறைக்கு மேற்கே இருந்த புல்வெளியை வாங்கி வீடு கட்டினார்கள். கடலைப் பார்த்து ஒரு கண்ணாடி அறை. சுவரும் கண்ணாடி, கூரையும் கண்ணாடி. அதில் உட்கார்ந்து காலைக் காப்பி குடிப்பது அவர்களுடைய ஆசை. ஆனால் தென்கிழக்குக் காற்று அடித்தால் ஹார்லனின் இரைக் கொட்டகை முழுசாக அந்த அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நாற்றம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். டிரம் டிரம்மாக மத்தியை உப்புப் போட்டு வைத்தால் நாலு நாளில் கனியும், கனிந்ததைப் பையில் கட்டிக் கூண்டுக்குள் தொங்கவிட்டால்தான் சிங்கிறால் திரும்பிப் பார்க்கும். சட்டையில் ஏறினால் மூன்று சலவைக்கும் போகாது. எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு அந்த வாசத்தோடுதான் போனார்கள். இருபத்தாறு படகுக்கு அந்தக் கொட்டகைதான் இரை. அதை விட்டால் அடுத்த இரை கிழக்கே இரண்டு மணி நேர ஓட்டம்.

மனுவில் நாற்பத்துநாலு பத்தி. வெர்னா ஒவ்வொன்றாக வாசித்தாள். பன்னிரண்டில் நாற்றம் குமட்டியது. பத்தொன்பதில் விருந்தாளிகள் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். இருபத்தேழில் அவர்கள் வீட்டு நாய் வெளியே வர மறுத்தது. ஹார்லன் அதற்குத் தலையாட்டினான். நாய்க்கு அவன் மேல் எந்தக் கோபமும் இல்லை. தினமும் வேலியைத் தாண்டி இவன் கொட்டகைக்குத்தான் வரும்.

"முப்பத்தொண்ணு," என்றாள் வெர்னா. "பிரதிவாதியின் இரை வியாபாரத்தால் பெருகிய கடற்காகங்கள், சிப்பிகளை உயரத்திலிருந்து கீழே போட்டதில், கண்ணாடி அறையின் கூரையில் ஆறு கண்ணாடிகள் உடைந்தன."

ஹார்லன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"என் காகமா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"நாத்தம் என்னுது. ஒத்துக்கறேன். காகம் எப்படி என்னுது ஆகும்? ஒவ்வொரு டிரம்முக்கும் மூடி போட்டு, மூடி மேல கல்லு வெச்சிருக்கேன் வெர்னா. ஒரு மீன் வெளிய கெடக்காது. அதுங்க தண்ணி வத்தறப்போ கடலுக்குள்ள கோழிப்பாறையில சிப்பி பொறுக்குது. பொறுக்கி, கெட்டியா எதைப் பாத்தாலும் அது மேல போட்டு ஒடைக்குது. முன்னாடி சர்ச்சு வாசல் தார் ரோட்டுல போட்டுது. இப்ப இவங்க கண்ணாடியில கூரை போட்டுக் குடுத்திருக்காங்க."

மனுவின் கடைசிப் பக்கத்தில் அவர்கள் கேட்டது இரண்டு: கொட்டகையை இழுத்து மூட வேண்டும், நஷ்டஈடும் வேண்டும். அதோடு இணைத்த தனிக் கடிதத்தில், கிரைண்டில் குடும்பத்துக்கு விருப்பமிருந்தால் துறையையே வாங்கிக்கொள்ளத் தயார் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

வெர்னா பதறவில்லை. இதுக்குத்தானே இன்சூரன்ஸ் இருக்கு என்றாள். வியாபாரத்துக்கான பாலிசி, யாராவது வழக்குப் போட்டால் கம்பெனியே வக்கீல் வைத்து வாதாடும் என்று அதில் எழுதியிருந்தது. வருஷா வருஷம் தவறாமல் கட்டி வந்தாள். அன்றே போன் செய்தாள். அந்தப் பக்கத்துப் பெண் மிகவும் அன்பாகப் பேசினாளாம். அந்த அன்புதான் தனக்குப் பிடிக்கவில்லை என்று வெர்னா பின்னால் சொன்னாள்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. முடியாது.

காரணம் ஒரே ஒரு சொல். மாசு. புகை, ஆவி, நெடி, இவற்றால் வருகிற எந்தக் கேட்டுக்கும் பாலிசி செல்லாது. உங்கள் மேல் போட்ட வழக்கு நெடி வழக்கு. ஆகவே நாங்கள் வக்கீல் அனுப்பமாட்டோம். வணக்கம்.

மத்தியின் வாசத்தை மாசு என்று எழுதியிருந்ததை வெர்னா துறையில் படித்துக் காட்டினாள். படகுக்காரக் கிழவன் எல்பிரிட்ஜ் தன் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டான்.

அதற்கு என்ன அர்த்தம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ப்ரெஸ்காட் பக்கம் போர்ட்லண்டிலிருந்து மூன்று வக்கீல்கள். இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ இழுப்பார்கள். கம்பெனி கைவிட்டால் வக்கீல் செலவுக்கு ஹார்லன் சொந்தமாக ஈடுகொடுக்க வேண்டும். ஈடுகொடுக்க விற்கக்கூடியது துறை ஒன்றுதான். வாங்க ஆள் தயாராக மேற்கே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தது. வழக்கில் தோற்றாலும் துறை போகும், வழக்கை நடத்தினாலும் துறை போகும்.

இந்த இடத்தில்தான் ஹார்லன் ஒரு காரியம் செய்தான்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை. படகு எதுவும் போகவில்லை. வெர்னா சர்ச்சில் பீன்ஸ் சாப்பாட்டுக்குப் போயிருந்தாள். ஹார்லன் அடுப்படி மேசையில் தனியாக உட்கார்ந்து, முப்பத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக எழுத்து வேலை பார்த்தான். கம்பெனி தன்னைக் கைவிட்டதற்கு அந்தக் காகப் பத்திதான் காரணம் என்று அவன் மனதுக்குள் தீர்மானித்திருந்தான். பொய் சொல்கிறவன் என்று நினைத்துவிட்டார்கள். உண்மையை எழுதிப்போட்டால் மனசு மாறுவார்கள். எங்கள் கரையில் வளர்ந்தவன் வேறு எப்படி நினைப்பான்? இங்கே ஒருவனுடைய கூண்டை இன்னொருவன் தொட்டதாகப் பேச்சு வந்தால், அவன் நேராக வீட்டுக் கதவைத் தட்டி, நான் தொடலை என்பான். விஷயம் அதோடு முடியும்.

பென்சிலால் ஒன்றரைப் பக்கம். உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி, மழையில் நனைந்துகொண்டே போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தான். வெர்னாவிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் வெர்னா வக்கீலைக் கண்டுபிடித்துவிட்டாள். கோனி லிபி. மாவட்டத் தலைநகரில் ஆணி, கயிறு விற்கிற கடையின் மாடியில் ஆபீஸ். பத்திரம் எழுதுவாள், உயில் எழுதுவாள், குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டியவர்களுக்கு வாதாடுவாள். நாற்பத்தைந்து வயசு, உரத்த குரல். படிக்கிற காலத்தில் கோடையெல்லாம் அப்பா படகில் கூண்டு இழுத்தவள். அந்தத் தோள் இன்னும் இருந்தது.

அவள் மேசையைத் துடைத்து, இடதுபக்கம் பாலிசியை வைத்தாள். வலதுபக்கம் மனுவை வைத்தாள்.

இந்த மாநிலத்துல இதுக்கு ரெண்டு பேப்பர் போதும் என்றாள். மனுவுல என்ன எழுதியிருக்கு, பாலிசியில என்ன எழுதியிருக்கு. சாட்சி கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது. ரெண்டையும் பக்கத்துல வெச்சு ஜட்ஜ் படிப்பார். மனுவுல இருக்கற ஏதாவது ஒண்ணு பாலிசிக்குள்ள வரலாம்னு பட்டாலே போதும், கம்பெனி மொத்த வழக்கையும் எடுத்து நடத்தியாகணும்.

அவளுடைய விரல் மனுவில் இறங்கியது. பன்னிரண்டு, பத்தொன்பது, இருபத்தேழு. நாய்க்கு லேசாகச் சிரித்தாள். முப்பத்தொன்றில் விரல் நின்றது. இரண்டு முறை படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"யாரு இந்தக் காகம்?"

அவ்வளவுதான். ஹார்லன் ஆரம்பித்துவிட்டான். மூடி, கல், கோழிப்பாறை, சர்ச்சு வாசல். கோனி கையை உயர்த்தினாள்.

"ஹார்லன், கண்ணு, வாயை மூடு. இந்தக் காகத்தை இனிமே நீ ஒரு வார்த்தை திட்டக்கூடாது. அது நம்ம ஆளு."

"பொய்யிங்கறேன்."

"கண்ணாடி ஒடைஞ்சுதுன்னு எழுதியிருக்காங்க. கண்ணாடி ஒடைஞ்சா அது சொத்து நாசம். சொத்து நாசத்துக்கு பாலிசி உண்டு. நெடி கண்ணாடியை ஒடைக்காது, சிப்பி ஒடைக்கும். ப்ரெஸ்காட் வக்கீலுங்க கோவத்துல நாலு வரி கூட எழுதிட்டாங்க. அந்த நாலு வரியிலதான் உன் தொறை நிக்குது. மெய்யா பொய்யாங்கறது இப்போதைக்கு நமக்கு வேண்டாம்."

வெர்னாவின் முகத்தில் ஜூனுக்கு அப்புறம் முதல்முறையாக ரத்தம் ஓடியது. ஹார்லனின் முகத்தில் இருந்ததும் போனது. வெர்னா அதைக் கவனித்தாள். பொய்யான ஒன்றைப் பிடித்துத் தொங்குவது அவனுக்குப் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டாள்.

கடிதத்தைப் பற்றி அவன் அன்றும் சொல்லவில்லை.

கோனி கம்பெனி மேல் வழக்குப் போட்டாள். ஆகஸ்ட் போனது. சிங்கிறால் ஓடு மாற்றிக்கொண்டு கூண்டுக்குள் ஏறத் தொடங்கியது. இரை போதவில்லை, வாரத்துக்கு மூன்று லாரி வந்தது. ஹார்லன் விடியலிலிருந்து அள்ளினான். ப்ரெஸ்காட் தம்பதி கண்ணாடி அறையின் திரையை இழுத்து மூடிக்கொண்டார்கள். கூரையில் டக் என்று சிப்பி விழுகிற ஓசை கேட்கும்போதெல்லாம் ஹார்லன் அள்ளுவதை நிறுத்தி, மூடிகளின் மேல் கல் இருக்கிறதா என்று பார்த்தான்.

அக்டோபர் முதல் வாரம், விசாரணைக்குப் பதினைந்து நாள் இருக்கையில், கோனியிடமிருந்து போன். ரெண்டு பேரும் வாங்க.

மேசையில் கம்பெனியின் பதில் மனு. அதன் கடைசியில் இணைப்பாக ஒரு பிரதி. பென்சில் எழுத்து. வெர்னாவுக்கு அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அவள் கத்தவில்லை. நாற்காலியை ஒரு அங்குலம் அவனிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டாள். அதைவிட அவன் அடியே வாங்கியிருக்கலாம்.

காகம் தன்னுடையதில்லை, அந்தப் பத்தி முழுப்பொய் என்று காப்பீடு எடுத்தவரே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். ஆகவே முப்பத்தோராவது பத்தி வெறும் காற்று. அதை எடுத்துவிட்டால் மீதி எல்லாம் நெடி. கம்பெனி அப்படித்தான் வாதாடப் போகிறது என்று கோனி சொன்னாள். சட்டப்படி அந்தக் கடிதத்தை ஜட்ஜ் பார்க்கவே கூடாது, ரெண்டு பேப்பர்தான் கணக்கு என்றும் சொன்னாள். ஆனால் பார்த்ததைப் பார்க்காமல் ஆக்க முடியாது. ஜட்ஜும் மனுஷன்.

"ஏன் எழுதுன?" என்றாள் வெர்னா. அவனைப் பார்க்காமல்.

"உண்மைங்கறதால."

"அதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே. நான் படிக்கறதுக்குத்தானே இருக்கேன்."

ஹார்லன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான். திரும்பி வருகிற நாற்பது நிமிஷமும் வெர்னாவே வண்டி ஓட்டினாள். அந்த இரண்டு வாரம் அந்த வீட்டில் சூப்பு இருந்தது, ரொட்டி இருந்தது, பேச்சு இல்லை. ஒருநாள் நான் இரை வாங்கப் போனபோது ஹார்லன் என்னிடம் கேட்டான், தொறையை வித்தா நீ படகை எங்க கண்ணு கட்டுவ என்று. நான் டிரம்மை உருட்டினேன்.

விசாரணை நாள். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது, காற்றே இல்லை. கூண்டு இழுக்க அப்படி ஒரு நாள் வருஷத்தில் நாலு கிடைத்தாலே அதிகம். இருபத்தாறு படகில் இருபத்திரண்டு கட்டின இடத்திலேயே நின்றன. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. குளித்து, சவரம் செய்து, இருக்கிறதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்ப் பின் பெஞ்சுகளில் உட்கார்ந்தோம்.

பத்து நிமிஷத்தில் டவாலி மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து ஜன்னலைத் திறந்தார். ஜட்ஜ் தேயர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல், குளிருது, மூடுங்க என்றார்.

கம்பெனி பக்கம் ஆஷ்பர்ன் என்று ஒருவர். ஒல்லி, நல்ல கோட்டு, குரலில் பட்டு. காகங்கள் ஏன் வந்தன என்று தொடங்கினார். நெடியால் வந்தன. நெடி என்பது மாசு. ஆக, காகம் உடைத்தது என்றாலும் மூலம் மாசுதான். மாசால் வந்த கேட்டுக்குப் பாலிசி இல்லை.

ஜட்ஜ் பேனாவை வைத்தார். "மிஸ்டர் ஆஷ்பர்ன், காகம் நெடிக்கு வருதா, மீனுக்கு வருதா?"

"நெடி வழிகாட்டுது, யுவர் ஆனர்."

"போன வாரம் ஊர்ப் பாலத்துல உக்காந்து சீஸ் சாண்ட்விச் சாப்பிட்டேன். அதுல நெடியே இல்ல. அதையும் தூக்கிட்டுத்தான் போச்சு."

பின் பெஞ்சில் யாரோ இருமினார்கள். ஆஷ்பர்ன் புன்னகைத்தார். தோற்றவர் மாதிரி அல்ல, இன்னும் சீட்டு கையில் இருக்கிறவர் மாதிரி. கோப்பைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். கோனி எழுந்து ஆட்சேபித்தாள்: இரண்டு பேப்பருக்கு வெளியே எதையும் பார்க்கக் கூடாது. ஜட்ஜ், ஆட்சேபத்தைக் குறித்துக்கொள்கிறேன், படிக்கட்டும், பிறகு முடிவு செய்கிறேன் என்றார்.

ஆஷ்பர்ன் படித்தார். நிதானமாக, எழுத்துப் பிழைகளையும் சேர்த்து.

"என் பெயர் ஹார்லன் கிரைண்டில். உங்க கடுதாசி கிடைச்சுது. நாத்தம் அடிக்கறது உண்மை. நான் மறுக்கலை, பிறந்ததுலேந்து மோந்துட்டு இருக்கேன். ஆனா முப்பத்தொண்ணு பொய். காகம் என்னோடது இல்லை. நான் மூடி போடறேன், மூடி மேல கல்லு வெக்கறேன். சிப்பி கோழிப்பாறையிலேந்து வருது. தண்ணி வத்தற நேரத்துக்கு யாராவது வந்து பாருங்க, நானே படகுல கூட்டிட்டுப் போயிக் காட்டறேன். செய்யாததைச் செஞ்சேன்னு சொன்னா எனக்குத் தூக்கம் வர்றதில்லை."

ஹார்லனின் காது இரண்டும் சிவந்திருந்தது. எழுந்திருப்பதற்காகக் கையைப் பெஞ்சில் ஊன்றினான். வெர்னா அவனைப் பார்க்காமலேயே அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். இரண்டு வாரத்தில் அவள் அவனைத் தொட்டது அதுதான் முதல்.

ஆஷ்பர்ன் அதோடு விடவில்லை. கோழிப்பாறை எவ்வளவு தூரம், சிப்பி எங்கே விளையும், மூடி போட்ட டிரம்மிலிருந்து காகம் எதையும் எடுக்க முடியாது என்றெல்லாம் ஒவ்வொன்றாக அடுக்கினார். ஹார்லன் யோக்கியமானவர், அவர் சொல்லை நம்பாமலிருக்கக் காரணமே இல்லை என்றார். நன்றாகத்தான் பேசினார். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. முடித்துவிட்டு உட்கார்ந்து, கோட்டின் பொத்தானை அவிழ்த்துவிட்டுக்கொண்டார்.

கோனி எழுந்தாள். கையில் காகிதம் எதுவும் இல்லை.

"யுவர் ஆனர், நான் பயந்துட்டே இருந்தேன். இந்தக் கடிதத்தை இவ்வளவு நல்லா என்னால படிச்சிருக்க முடியாது."

ஜட்ஜ் காத்திருந்தார்.

"ஒருத்தர் மேல குற்றம் சொல்றாங்க. அவர் இல்லைன்னு சொல்றார். நான் செய்யலை, வந்து பாருங்கன்னு சொல்றார். அவரை நம்புங்கன்னு அவருக்காக ஒரு வக்கீல் எழுந்து நின்னு பேசறார். பாறை எங்க இருக்கு, மூடி எப்படி இருக்குன்னு எடுத்துச் சொல்றார். இதுக்கு நம்ம கோர்ட்டுல ஒரு பேரு இருக்கு. பிரதிவாதித் தரப்பு வாதம். மிஸ்டர் ஆஷ்பர்னோட கம்பெனி எதைச் செய்யமாட்டேன்னு எழுதிக் குடுத்துச்சோ, அதை அவர் இப்ப இங்க நின்னு பதினோரு நிமிஷம் செஞ்சார். நான் கடிகாரத்தைப் பாத்துட்டிருந்தேன். இதைவிட நல்லா யாரும் ஹார்லன் கிரைண்டிலுக்காக வாதாட முடியாது. நாங்க கேக்கறது ஒண்ணுதான். இதையே அடுத்த ரூம்ல, ப்ரெஸ்காட் வழக்கு நடக்கறப்போ செய்யச் சொல்லுங்க."

கோனி உட்கார்ந்தாள். பிறகு எல்பிரிட்ஜ் சிரித்தான். கிழவனுக்குச் சத்தமில்லாமல் சிரிக்கத் தெரியாது. பெஞ்சே குலுங்கியது. டவாலி அவனை அதட்டத் திரும்பினார். அவருடைய வாயும் நேராக இல்லை.

ஆஷ்பர்ன் எழுந்தார். எழுந்து நின்றார். என்ன சொல்வது? கடிதம் உண்மை என்றால் தன் வாயாலேயே ஹார்லனைக் காப்பாற்றியதாகிறது. பொய் என்றால் காகம் கண்ணாடியை உடைத்ததாகிறது. உடைத்ததற்குப் பாலிசி உண்டு. அவர் கோட்டின் பொத்தானை மறுபடி போட்டுக்கொண்டு, எழுத்தில் கொடுத்த வாதமே போதும் என்று சொல்லி உட்கார்ந்தார்.

ஜட்ஜ் கால் மணி நேரம் உள்ளே போனார். நாங்கள் வராந்தாவில் நின்றோம். வெர்னா ஹார்லனின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது, இருந்தாலும் செய்தாள்.

திரும்பி வந்து ஜட்ஜ் நின்றபடியே சொன்னார். விரிவான உத்தரவு பிறகு எழுத்தில் வரும். கடிதத்தை இந்தக் கோர்ட் கணக்கில் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் முடிவு மாறாது. பாலிசியின் நாலாம் பக்கத்தில், குற்றச்சாட்டு ஆதாரமற்றதாகவோ பொய்யாகவோ இருந்தாலும் கம்பெனி வாதாடும் என்று கம்பெனியே அச்சடித்திருக்கிறது. பொய் வழக்கில் மாட்டிக்கொண்டவனுக்குத்தான் அந்த வரி. காகம் ஆவி அல்ல, சிப்பி புகை அல்ல. ஒரு பத்தி உள்ளே வந்தால் நாற்பத்துநாலும் உள்ளே வரும். நாய் உட்பட. ப்ரெஸ்காட் வழக்கைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை கம்பெனி தன் செலவில் நடத்த வேண்டும். கம்பெனியும் இவரும் ஒருவரோடு ஒருவர் மோதிவிட்டதால், வக்கீல் யார் என்பதை மிஸ்டர் கிரைண்டில் தேர்ந்தெடுப்பார்.

ஹார்லனுக்குப் புரியவில்லை. என்ன சொன்னார் என்று வெர்னாவைக் கேட்டான்.

"தொறை நம்முது," என்றாள் வெர்னா.

அன்று மதியம் கோர்ட்டுக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக்கடையில் மீன் சூப்பு தீர்ந்துபோனது. எழுத்தில் உத்தரவு வந்த மறுநாள் விடியலில் இருபத்தாறு படகும் கடலில் நிற்க, வெர்னா அடுப்படியிலிருந்து ரேடியோவில் வந்தாள். வழக்கமாக லாரி வந்ததா, டிரம் எத்தனை இருக்கிறது என்று சொல்லத்தான் வருவாள். அன்று, உத்தரவில் தனக்குப் பிடித்த வரி ஒன்று இருக்கிறது, படிக்கட்டுமா என்று கேட்டாள். படித்தாள். காகம் ஆவி அல்ல, சிப்பி புகை அல்ல. பிறகு ஒவ்வொரு படகாகப் பெயரைச் சொல்லி, கேட்டுச்சு வெர்னா என்றார்கள். கேட்டுச்சு. கேட்டுச்சு. எல்பிரிட்ஜ் மட்டும் இன்னொரு தடவை என்றான். அவளும் படித்தாள்.

நவம்பரில் கோனி துறைக்கு வந்தாள். கம்பெனியின் கடிதம் அவள் பையில் இருந்தது. ப்ரெஸ்காட் வழக்கில் ஹார்லனுக்கு இனி அவள்தான் வக்கீல், அவளுடைய ஒவ்வொரு மணி நேரமும் கம்பெனிக் கணக்கு. போர்ட்லண்ட் வக்கீல்கள் மூவரும் அதைக் கேள்விப்பட்டதும், முப்பத்தோராவது பத்தியை நீக்கிக்கொள்ளலாமா என்று விசாரித்தார்களாம். இப்ப நீக்குனாலும் கம்பெனி நழுவ முடியாது, அதை நான் பாத்துக்கறேன், இருக்கட்டும்னு சொல்லிட்டேன் என்றாள்.

தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. கோழிப்பாறை கருப்பாக முதுகைக் காட்டியது. அதன் மேல் முப்பது நாற்பது காகங்கள் இறங்கி, சிப்பியைப் பிய்த்துக்கொண்டிருந்தன. ஹார்லன் வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டு டிரம்முக்கு மூடி போட்டான். ஜூலையிலிருந்து அவன் அந்தப் பறவைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கோனி சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்.

கோனி கவிழ்த்துவைத்த பெட்டி ஒன்றில் உட்கார்ந்தாள். நோட்டைத் திறந்து மடியில் வைத்தாள். கம்பெனிக் கணக்குக்காக நேரத்தைப் பார்த்து முதல் வரியில் குறித்துக்கொண்டாள்.

"இப்பச் சொல்லு கண்ணு," என்றாள். "அந்தக் காகத்தைப் பத்தி. ஒண்ணு விடாம சொல்லு. நிதானமா."

ஹார்லன் மூடியின் மேல் கல்லை வைத்தான். கையைத் துடைத்தான். வெர்னா வாசல்படியில் வந்து நிற்பதைப் பார்த்தான், அவள் தலையசைத்தாள். பாறையிலிருந்து ஒரு காகம் எழும்பி, வாயில் சிப்பியோடு எங்கள் தலைக்கு மேலே மேற்குப் பக்கம் போனது.

"எழுதிக்க," என்றான் ஹார்லன். "இது ஆயிரத்தித் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டுலேந்து ஆரம்பிக்குது."